ஸ்னோபோர்டுக்கு எந்தப் பேட் ஷார்ட்ஸ்: சாதா ஃபோமா, டி3ஓவா?

ஸ்னோபோர்டு கற்பவர் முதல் நாளில் எப்படி விழுகிறார் என்று பார்த்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும். பலகையின் சரிவுப்பக்க விளிம்பு பனியில் சிக்கும், இரண்டு காலும் பலகையோடு கட்டியிருப்பதால் ஓர் அடி எடுத்து வைத்துச் சமாளிக்கவும் வழியில்லை, உட்கார்ந்த வாக்கில் வால் எலும்பு தரையில் மோதும். அந்த வலி வாரக்கணக்கில் உட்காரவிடாது. அதைத் தடுக்கத்தான் பேட் ஷார்ட்ஸ், அதாவது பேன்டுக்குள் போடும், பின்புறத்தில் மெத்தை வைத்த அரைக்கால் உடை.

சாதா ஈவிஏ ஃபோம் (மென்மையான பிளாஸ்டிக் நுரை) வைத்த ஷார்ட்ஸ் விலை குறைவு, எடையும் தெரியாது. மெதுவாக, ஆனால் அடிக்கடி விழுபவருக்கு இது நன்றாகவே உதவும், பனியில் உட்கார்ந்தாலும் குளிர் சட்டென்று ஏறாது. ஆனால் பேன்டுக்குள் புடைத்து நிற்கும், அடி வாங்கி வாங்கி ஃபோம் அமுங்கியும் போகும்.

டி3ஓ என்ற காப்புப் பொருள் வேறு மாதிரி. கையில் மென்மையாக வளையும், வேகமாக அடி விழும் அந்த நொடியில் மட்டும் இறுகி விசையைப் பரப்பிவிடும். 2006 டுரின் ஒலிம்பிக்கில் அமெரிக்க, கனடா ஸ்கீ வீரர்களின் உடையிலேயே இது இருந்தது. காலையில் ஐஸாக இறுகிக் கிடக்கும் சரிவில் வேகமாக இறங்குபவரும், தாவிக் குதிப்பவரும் தயங்காமல் இதற்குச் செலவழிக்கலாம். ஒன்று, மோட்டார்சைக்கிள் கவசங்களுக்கான ஈஎன் 1621-1 என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், லெவல் 1-ல் உடம்புக்குக் கடக்கும் சராசரி விசை 35 கிலோநியூட்டன் வரை, லெவல் 2-ல் 20 வரைதான்.

புதியவர் என்றால் நான் ஃபோமைத்தான் சொல்வேன். மிச்சமாகும் பணத்தில் அப்புறம் மணிக்கட்டுக் காப்பு வாங்குங்கள், ஸ்னோபோர்டில் அதிகம் முறிவது மணிக்கட்டுதான்.