பத்து மாதம் முன்பே பதிந்த ஏழாம் நம்பர்

இந்த லாட்ஜின் பெயரை எழுதப்போவதில்லை. பத்து முறை அவர்கள் வீட்டு உப்பைத் தின்றவள், காசு கொடுத்துத்தான் தின்றேன் என்றாலும். நெல்லை டவுனில், தேரடியிலிருந்து மெதுவாக நடந்தால் எட்டு நிமிடம் என்ற அடையாளம் போதும். ஐந்து நட்சத்திரத்துக்கு மூன்று கொடுக்கிறேன். அந்த மூன்றில் ஒன்று பழைய பாசத்துக்கு.

டவுனில் இருந்த எங்கள் வீட்டை 2013-இல் விற்றோம். அடுத்த ஆண்டிலிருந்து, கொரோனாவால் தேர் ஓடாத இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு அம்மாவோடு வந்து இங்கேதான் தங்குகிறேன். சொந்த ஊரில் வாடகை அறை எடுப்பவளுக்கு அறை எந்த இடத்தில் இருக்கிறது என்பது முக்கியம். அம்மாவுக்கு வயது எண்பத்திரண்டு, இரண்டு முழங்காலும் ஒத்துழைக்காது. லாட்ஜில் லிஃப்ட் கிடையாது. எனவே தரைத்தளத்தில் ஏழாம் நம்பர். அந்த அறையின் குளியலறையில் ஒரு எவர்சில்வர் கைப்பிடி உண்டு. 2017-இல் அம்மா ஒரு முறை வழுக்கப் பார்த்ததைக் கேட்டுவிட்டு, அப்போதைய மேலாளர் அண்ணாச்சி மறுநாளே ஆள் அழைத்துப் பொருத்திய கைப்பிடி.

அண்ணாச்சி காலத்தில் முன்பதிவு என்பது ஒரு நீள நோட்டு. அறையைக் காலி செய்யும்போதே "அடுத்த வருடத் தேருக்கும் ஏழுதானே?" என்று கேட்டுக்கொண்டே பென்சிலால் எழுதுவார். தேதி எழுத மாட்டார், 'ஆனித் தேர்' என்று மட்டும் இருக்கும். தேர் எந்தத் தேதியில் வந்தாலும் அறை நமக்கு. முன்பணம் வாங்கியதில்லை. வங்கியில் முப்பத்தொரு ஆண்டு பேரேடு பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கணக்கு முறைப்படி அந்த நோட்டு ஒரு அபத்தம்தான். ஆனால் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

2024-இல் அண்ணாச்சி ஓய்வு பெற்றார். சுவருக்குப் புது வண்ணம் அடித்தார்கள், பெயரோடு 'ரெசிடென்சி' ஒட்டிக்கொண்டது, நோட்டு போய்க் கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டருக்கு 'ஆனித் தேர்' புரியாது, ஆங்கிலத் தேதி வேண்டும். தேரோ நட்சத்திரத்தைப் பார்த்து ஓடுவது. 2024-இல் ஜூன் 21, 2025-இல் ஜூலை 8. பஞ்சாங்கம் தெரிந்த ஒரு மாமாவிடம் தேதியைக் கணக்கிட்டு வாங்கி, 2024 செப்டம்பரிலேயே மூன்று நாளுக்குப் பதிவு செய்தேன். நாளுக்கு 1,900 ரூபாய், அதன்மேல் அப்போதிருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 2,128. மூன்று நாளுக்கு 6,384 ரூபாயை முழுதாகக் கட்டினேன். ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது என்ற நிபந்தனைக்கும் சரி என்று டிக் போட்டேன். சிறப்பு வேண்டுகோள் என்ற கட்டத்தில் 'தரைத்தளம், 7-ஆம் எண், முதியவர் வருகிறார்' என்று எழுதினேன். மே மாதம் ஒரு தடவை, ஜூனில் ஒரு தடவை தொலைபேசியில் கேட்டேன். இரண்டு தடவையும் "எல்லாம் உறுதியாக இருக்கிறது மேடம்" என்றார்கள்.

ஜூலை 7 காலையில் போய் நின்றால் மாடியில் 112 என்று சாவியை நீட்டுகிறார் வரவேற்பில் இருந்த தம்பி.

"ஏழாம் நம்பர் கேட்டிருந்தேனே?"

"அது வேண்டுகோள் மேடம். காலியாக இருந்தால் கொடுப்போம். சிஸ்டத்தில் உங்களுக்கு டீலக்ஸ் என்றுதான் இருக்கிறது, அறை எண் இல்லை."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. நான் பத்து மாதமாக வாங்கி வைத்திருந்தது அறையை அல்ல, ஒரு வகையை. இப்போது பெரும்பாலான ஓட்டல்களில் இதுதான் நடைமுறை: விற்பது டீலக்ஸ், ஏ.சி. என்று வகையாக, எந்தக் கதவு யாருக்கு என்பது பெரும்பாலும் வருகிற அன்றோ அதற்கு முந்தின இரவோ முடிவாகும். முதலில் பதிந்தவர் என்பதற்கு அங்கே தனி மதிப்பு கிடையாது. மே மாதத்தில்தான் பதிவு செய்த ஒரு சுற்றுலாக் குழுவுக்குத் தரைத்தளம் முழுவதும் போய்விட்டது. ஆண்டு முழுக்க ஆள் அனுப்பும் ஏஜென்டை அவர்களால் பகைத்துக்கொள்ள முடியாது. ஆண்டுக்கு ஒரு தடவை வரும் என்னை முடியும்.

படிகளை எண்ணினேன். இருபத்தொன்று. பன்னிரண்டாவது படிக்குப் பிறகு வரும் திருப்பத்தில் அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ரூம் பையன் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தான். "தேர் பார்க்க வந்தோமா, மலை ஏற வந்தோமா?" என்று அம்மா அவனைக் கேட்க, அவன் பாவம், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். கீழே இறங்கும்போதெல்லாம் ஏழாம் நம்பர் வாசலில் இரண்டு ஜோடி விளையாட்டுக் காலணிகளைப் பார்த்தேன். ஒரு தடவை கதவு திறந்திருந்தது. அம்மாவின் கைப்பிடியில் ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

அம்மாவைப் போன்றவர்களுக்கு இன்ன இடம் என்று முன்கூட்டியே ஒதுக்க ரயில்வேயில்கூட ஒரு ஏற்பாடு இருக்கிறது என்பதுதான் என் ஆற்றாமை. முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தபோது திட்டியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அந்த அறுபது நாளுக்கு முன்னால் எடுத்த டிக்கெட்டில் பெட்டி எண், படுக்கை எண் இரண்டும் அச்சாகி வந்தன. கீழ்ப் படுக்கை, கேட்காமலே. வயதைப் பார்த்துக் கம்ப்யூட்டரே ஒதுக்கியது.

விலைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து அறைக்கு மதுரையிலிருந்து வந்தவர் இரண்டு வாரம் முன்பு செல்பேசிச் செயலி ஒன்றின் வழியாக 1,650-க்கு எடுத்திருக்கிறார். வரியோடு 1,848. மூன்று நாளில் நான் 840 ரூபாய் அதிகம் கொடுத்திருக்கிறேன். சீக்கிரம் வந்ததற்கு அபராதம்! போன ஆண்டு கொடுத்த உறுப்பினர் அட்டையில் புள்ளிகள் சேர்ந்திருந்தன. திருவிழா நாட்களில் அவை செல்லாதாம். திருவிழாவுக்கு மட்டுமே வருகிறவளிடம் இதைச் சொல்லும்போது அந்தத் தம்பிக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மற்றபடி குறை சொல்ல ஏதுமில்லை. விரிப்புகள் வெளுப்பாக இருந்தன, விடிகாலை ஐந்து மணிக்கு வெந்நீர் வந்தது, கொசுத்தொல்லை இல்லை. எட்டாம் தேதி தெருவில் நெரிசலுக்கு முன்பே அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய்த் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தவர்கள் இதே லாட்ஜ்ப் பையன்கள்தான். ஐந்து தேரையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். காத்திருந்து, திரும்பவும் தூக்கி வந்தார்கள். பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. அல்வா வாங்கிக் கொடுத்தேன்.

காலி செய்யும் நாளில் அடுத்த தேருக்கு அறை கேட்டேன். பதிந்துகொள்ளலாம், எண் மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றார் தம்பி. கையால் எழுதித் தந்தால் போதும் என்றேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சலவைத் துணிக்குக் கொடுக்கும் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார்: 'ஆனித் தேர், 7, தரைத்தளம், அம்மா உடன்.' கீழே கையெழுத்தும் போட்டார். சீட்டு என் பர்ஸில் இருக்கிறது. ஜங்ஷன் பக்கம் லிஃப்ட் உள்ள இன்னொரு ஓட்டலிலும், ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில், ஒரு அறை பதிந்து வைத்திருக்கிறேன்.