1622இன் புத்தாண்டு ஏப்ரல் 14 அல்ல: திருகோணமலையில் ஒரு கதைநடை

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் வார இறுதிக் காலைகளில் சிறு குழுக்களை அழைத்துச் சென்று திருகோணமலையின் கதைகளை அந்தந்த இடத்திலேயே நின்று சொல்லி வருகிறார். பெயர்ப்பலகையோ அலுவலகமோ இல்லாத இந்தச் சேவையில் தெரிந்தவர்கள் மூலமாகவே இடம் பிடிக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளுடன் சென்ற மாதம் சென்று வந்தேன். பிறந்து வளர்ந்த ஊரில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கப் போகிறது என்ற எண்ணம் முதல் அரை மணி நேரத்திலேயே போய்விட்டது.

நடை தொடங்குவது கடற்கரையை அண்டிய பழைய ஆங்கிலேயர் மயானத்தில். 1852இல் பர்மாப் போரின்போது ஐராவதி ஆற்றில் நோயுற்று இறந்த கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். புகழ்பெற்ற ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி அவர். இத்தனை ஆண்டுகளாக அந்த மதிலைக் கடந்து போய்வந்தும் எனக்கு இது தெரியாமலே இருந்தது.

பிரட்ரிக் கோட்டை வாசலில் ஆசிரியர் நெடுநேரம் நின்றார். அங்குள்ள கல்லில் இரட்டைக் கயலும், சிதைந்துபோன தமிழ் எழுத்துகளும் இருப்பதை ஊரார் அறிவார்கள். ஆனால் பெரும்பாலோர் உள்ளே மலைமேலுள்ள கோணேசர் கோயிலுக்கு விரையும் அவசரத்தில் அதைப் பார்ப்பதில்லை. அவர் என் மகளை அருகே அழைத்து, கல்லைத் தொடாமல், காற்றிலே விரலால் ஒவ்வோர் எழுத்தாக வரைந்து காட்டினார். அந்தக் கோயிலுக்குக் குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி (போர்த்துக்கேயர்) பிரிப்பான் என்று கூறும் பாடலின் எஞ்சிய துண்டு அது என்றும், இடித்த கோயிலின் கற்களைக் கொண்டே போர்த்துக்கேயர் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள் என்றும் அவர் சொன்னபோது, மகள் வாசலின் மற்றக் கற்களையும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தாள். கடலுக்குள் தள்ளப்பட்ட தூண்களையும் செதுக்கிய கற்களையும் 1956இல் நீர்மூழ்கி மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடியில் மூழ்கிக் கண்டதையும், அதற்கு முன் 1950இல் கிணறு வெட்டியபோது புதைத்து வைக்கப்பட்ட செப்புத் திருமேனிகள் கிடைத்ததையும் அந்த வாசலிலேயே சொல்லி முடித்தார்.

இந்த நடையின் உயிர் கோணேசர் ஆலயத்துக்கு ஏறும் வழியில் அவர் பையிலிருந்து எடுத்த ஒரு மரப் பம்பரத்தில் இருக்கிறது. படிக்கட்டின் ஓரத்தில் அதைச் சுழலவிட்டார். வேகம் குறையக் குறைய அதன் தலை மெல்ல வட்டமிட்டது. பூமியின் அச்சும் இப்படியே ஏறக்குறைய 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிடுகிறது, இதையே அயன சலனம் என்கிறோம் என்றார். நம் புத்தாண்டு விண்மீன்களை வைத்துக் கணிக்கப்படுவதால் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பருவங்களிலிருந்து விலகிப் பிந்திச் செல்கிறது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். நாம் பொங்குவதோ தை பிறக்கும் ஜனவரி நடுப்பகுதியில். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இந்த இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

ஆனால் மலை உச்சியில், கோயில் இடிக்கப்பட்டது 1622ஆம் ஆண்டு ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் என்று அவரும் எல்லோரையும் போலவே சொன்னார். உற்சவமூர்த்தி ஊர்வலம் சென்றிருந்த வேளையில் பூசகர் வேடமிட்ட வீரர்கள் உள்ளே நுழைந்தார்கள் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. அப்போது மகள் கேட்டாள்: "சேர், நானூறு வருஷத்துக்கு முந்தி எண்டால் புத்தாண்டு அஞ்சாறு நாள் முன்னுக்கு வந்திருக்குமே?" அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு குறிப்பேட்டை எடுத்து, போர்த்துக்கேயர் 1582 முதல் இன்றைய நாட்காட்டியையே பின்பற்றியதையும் சேர்த்துக் கணக்கிட்டு, "சரிதான் பிள்ளை, ஏப்ரல் எட்டை ஒட்டித்தான் வரும்" என்றார். புத்தாண்டு நாள் என்பது உண்மையானால் ஏப்ரல் 14 பொருந்தாது. பிற்காலத்தில் யாரோ தம் காலத்துத் திகதியைச் சேர்த்திருக்க வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளையின் திருத்தத்தைத் தம் கையால் எழுதிக்கொண்ட அந்த ஆசிரியர் மீது எனக்கு மிகுந்த மரியாதை ஏற்பட்டது.

அங்கிருந்து முச்சக்கரவண்டியில் கன்னியா. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உருவாக்கியதாகச் சொல்லப்படும் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் இன்றும் அந்தியேட்டி என்னும் இறந்தோர் கடனுக்கு வருவோர் உண்டு. எரிமலையே இல்லாத இலங்கையில் இந்தச் சூடு எப்படி வந்தது என்பதற்கு, மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழமாக இறங்கி அங்கே வெப்பமேறி மீண்டும் மேலே வருகிறது என்று அவர் விளக்கினார். அதே மூச்சில், பெற்றோருக்காக நீர் வார்க்கும் ஒரு குடும்பத்துக்கு வழிவிட்டு எங்களைப் பேசாமல் ஒதுங்கி நிற்கச் செய்தார். வாளியில் அள்ளிய நீரைக் கிணற்றுக்குக் கிணறு கையில் ஊற்றிப் பார்த்தால் சூடு சற்றே வேறுபடுவது தெரிகிறது.

குறையென்றால், கன்னியாவுக்கு ஒதுக்கிய நேரம் போதாது. கோட்டை ஏற்றத்தில் முதியவர்கள் இளைப்பாறவும் இடைவெளி வேண்டும். இருவருக்கும் சேர்த்து வாங்கிய கட்டணம் ஒரு நேரச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டவில்லை. காலை ஆறரைக்கே புறப்பட்டால்தான் வெயில் ஏறுமுன் மலையிலிருந்து இறங்கலாம். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கட்டாயம் கொண்டு செல்லுங்கள்.