பெரியப்பாவின் மண்டையும் ரெண்டு எக்ஸ்ரேயும்

ஃபிளைட், இமிக்ரேஷன், சிம் கார்டு எல்லாம் சுமுகம், அதை விடுங்கள். இந்த முறை சென்னையில் என் பி.பி.யை ஏற்றியது ஓர் எக்ஸ்ரே.

நங்கநல்லூர் வீட்டு மாடிப்படியில் பெரியப்பா வழுக்கி விழுந்தார். வயது 72. சில நொடி நினைவு தப்பி, வலது காதுக்கு மேலே நன்றாகப் புடைத்துவிட்டது. பக்கத்து நர்சிங் ஹோமில் அதே பழைய வழக்கம்தான்: டோக்கன், டி.டி. ஊசி, அப்புறம் மண்டைக்கு முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என எக்ஸ்ரே. டியூட்டி டாக்டர் ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, கூட்டிட்டுப் போங்க" என்றார்.

வந்ததே கோபம் எனக்கு. நான் இருக்கும் டொராண்டோவில் எமர்ஜென்சியில் காத்திருந்தே பாதி உயிர் போகும், அது வேறு கதை. ஆனால் தலையில் அடிபட்டு நினைவு தப்பியவர் 65 வயதைத் தொட்டிருந்தால் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லும் விதி கனடாவில் 2001-லேயே வந்துவிட்டது. எக்ஸ்ரேயில் மெல்லிய விரிசல் தப்பிவிடும், உள்ளே ரத்தம் கசிந்தால் அதுவும் தெரியாது. இந்த 'ஒண்ணும் இல்ல'வை நம்பி வீட்டுக்குப் போய், ராத்திரி வாந்தி எடுத்தால் யாரைப் போய்க் கேட்பது?

ஆட்டோ பிடித்து வேளச்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். பணம் கட்டிவிட்டு உட்காருவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள், டொராண்டோவில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். "ஐயா, பல்செட்டைக் கழட்டிடுங்க, தலையை ஆட்டாதீங்க." சில நிமிஷத்தில் முடிந்தது. ரேடியாலஜிஸ்ட் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையில் காட்டினார். மூளையைப் பார்க்கும் செட்டிங்கில் ரத்தக்கசிவு இல்லை. எலும்புக்கான செட்டிங்குக்கு மாற்றியதும் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு! "மண்டை எலும்புகள் இயற்கையா சேர்ற தையல் கோடான்னு கேப்பீங்க. தையல் நெளிஞ்சு நெளிஞ்சு போகும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இது நேரா ஓடுது, இடது பக்கம் இல்ல பாருங்க. விரிசல்தான்." முப்பரிமாணப் படத்தைச் சுழற்றியபோது பெரியப்பாவே எட்டிப் பார்த்து, "நம்ம மண்டையா இது? பரவாயில்லையே" என்றார்.

எலும்பு உள்ளே அமுங்கவில்லை. நியூரோ டாக்டர் அட்மிட் செய்து கண்காணித்துவிட்டு, ஆபரேஷன் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்.

ஒரே எரிச்சல், படங்களை லிங்க்காக அனுப்புங்கள் என்றால் டிஸ்க்தான் தருவார்களாம், அதுவும் மறுநாள் சாயங்காலம். வாங்கியும் வந்தேன். அதைப் போட்டுப் பார்க்க எங்கள் அபார்ட்மென்டில் ஒருவர் லேப்டாப்பிலும் வசதியில்லை.