“டூ டேஸ்' லீவ்” எதிர் “எ டூ-டே லீவ்”

“இரண்டு நாள் லீவு” என்பதை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதலாம். அப்பாஸ்ட்ரஃபியோடு “டூ டேஸ்' லீவ்”, ஹைஃபனோடு “எ டூ-டே லீவ்”, நடுவில் ஆஃப் (of) போட்டு “டூ டேஸ் ஆஃப் லீவ்”. லீவ் லெட்டர்களில் அதிகம் கண்ணில் படுவதோ நான்காவது ரகம்: எந்தக் குறியும் இல்லாத “டூ டேஸ் லீவ்”. காதுக்கு வித்தியாசம் தெரியாததால் அது தப்பித்துக்கொள்கிறது. எண்ணை ஒன்றாக்கிச் சொல்லிப் பாருங்கள். “ஒன் டே'ஸ் லீவ்” என்று எஸ் ஒலித்தால், பன்மைக்கும் அப்பாஸ்ட்ரஃபி உண்டு. ஒருமையில் அது எஸ்ஸுக்கு முன்னால், பன்மையில் பின்னால். “டூ டே'ஸ்” என்று நடுவில் செருகினால் தப்பு.

ஹைஃபன் வடிவம் நமக்குச் சுலபம். தமிழில் “மூன்று நாள் பயணம்” என்று பன்மை விகுதி இல்லாமல்தானே சொல்கிறோம். “எ த்ரீ-டே ட்ரிப்” அதே அச்சு. டே ஒருமையிலேயே நிற்கும், ட்ரிப் எண்ணக்கூடியது என்பதால் முன்னால் எ வரும். இரண்டு வடிவத்தையும் கலக்கும்போதுதான் சொதப்பல்: “எ டூ வீக்ஸ்' நோட்டீஸ்”, “டூ-வீக்ஸ் நோட்டீஸ்”. டூ, த்ரீ போன்ற எண்ணுக்கு முன்னால் எ வந்துவிட்டால் ஹைஃபன்தான், எஸ் கிடையாது.

ரெஸ்யூமேயில் மட்டும் ஹைஃபனை நம்பாதீர்கள். “எ த்ரீ-இயர் எக்ஸ்பீரியன்ஸ்” என்றால் மூன்று வருடம் இழுத்த ஏதோ ஒரு சம்பவம் என்று படும். அங்கே “த்ரீ இயர்ஸ்' எக்ஸ்பீரியன்ஸ்”. குறி எங்கே என்று சந்தேகமிருந்தால் “த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்”. ஆஃப் எல்லா இடத்திலும் கைகொடுக்காது: “ஃபைவ் மினிட்ஸ் ஆஃப் வாக்” என்று யாரும் எழுதுவதில்லை.

தூரத்துக்கு ஹைஃபனே மேல். “டென் மைல்ஸ்' வாக்” தவறில்லை, கொஞ்சம் பழைய வாடை; “எ டென்-மைல் வாக்” இயல்பு. “எ ஸ்டோன்'ஸ் த்ரோ”, “அட் ஆர்ம்'ஸ் லெங்த்” மாதிரி உறைந்துபோன தொடர்களில் மட்டும் அப்பாஸ்ட்ரஃபியை அசைக்க முடியாது.

பணத்தில் அர்த்தமே மாறும். “டென்-டாலர் டிக்கெட்ஸ்” என்றால் ஒரு டிக்கெட் 10 டாலர். “டென் டாலர்ஸ்' வொர்த் ஆஃப் டிக்கெட்ஸ்” என்றால் மொத்தமே 10 டாலர். பத்து ரூபாய் மிட்டாய்க்கும் பத்து ரூபாய்க்கு மிட்டாய்க்கும் உள்ள அதே வித்தியாசம். நாம் ஒரு “க்கு”வில் காட்டுவதை ஆங்கிலம் குறியிலும் வொர்த்திலும் காட்டுகிறது. டாலர் குறியும் இலக்கமுமாக எழுதும்போது வொர்த்துக்கு முன் அப்பாஸ்ட்ரஃபி போடும் வழக்கமில்லை.

பின்னால் வருவது பெயர்ச்சொல்லா என்றும் பாருங்கள். “டென் மினிட்ஸ்' டிலே”வுக்குக் குறி வேண்டும். “டென் மினிட்ஸ் லேட்”, “சிக்ஸ் மன்த்ஸ் ப்ரெக்னன்ட்” இரண்டிலும் பின்னால் நிற்பது உரிச்சொல். அங்கே குறி போட்டால் பிழை.