மல் காட்டன் என்று சொல்லி பாலியஸ்டர் அனுப்புகிறார்கள்: கோடை டூருக்கு ஒரே மாதிரி டிரெஸ் எடுக்கும் தோழிகள் கவனத்துக்கு

இந்தக் கோடையில் தோழிகளோடு எங்காவது போகத் திட்டமிட்டு, எல்லாரும் ஒரே டிசைனில் குர்தி செட் எடுக்கலாம் என்று இன்ஸ்டாகிராமில் தேடிக்கொண்டிருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் ஐந்து பேரையும் இப்படித்தான் ஏமாற்றினார்கள். எந்தப் பக்கம் என்று இங்கே எழுதவில்லை, விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. ஆனால் ஏமாற்றிய விதத்தை முழுசாகச் சொல்கிறேன். இதே விதத்தில் நிறைய பக்கங்கள் நடக்கின்றன என்பது விசாரித்த பிறகு தெரிந்தது.

கல்லூரி முடித்து வேறு வேறு ஊரில் குடும்பம், வேலை என்று ஆனபின், மே மாதத்தில் ஒரு சனி ஞாயிறு மட்டும் நாங்கள் சேர்ந்து எங்காவது போவோம். இந்த முறை பாண்டிச்சேரி. ஒயிட் டவுன் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் எல்லாரும் ஒரே மாதிரி பூப்போட்ட காட்டனில் நிற்க வேண்டும் என்று ஒருத்தி ஆசைப்பட்டாள். சரி என்று தேட ஆரம்பித்ததுமே ‘ஃப்ரெண்ட்ஸ் காம்போ’ என்று ஒரு பக்கத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. நீல இண்டிகோ பூ, ஹேண்ட் பிளாக் பிரிண்ட், மல் காட்டன் (மெல்லிய, லேசான பருத்தி) குர்தி, அதற்கு மேட்சாக பேண்ட். ஒரு செட் 1,490 ரூபாய், ஐந்து செட் எடுத்தால் தள்ளுபடி. “ரேட்டுக்கு டிஎம் பண்ணுங்க” ரகம்தான், விலை வெளியே இல்லை, தனிச் செய்தியில் கேட்டபிறகுதான் இந்த விலையைச் சொன்னார்கள்.

நாங்கள் கேட்காமல் வாங்கவில்லை. துணி என்ன என்று கேட்டோம். “ப்யூர் மல் காட்டன் சிஸ், 100%” என்று எழுத்திலேயே பதில் வந்தது. துவைத்தால் சுருங்குமா என்று கேட்டதற்கு, “காட்டன் இல்லையா சிஸ், முதல் வாஷ்ல லேசா சுருங்கும்” என்றார்கள். இவ்வளவு விவரமாகப் பேசுகிறவர்களை யாருமே நம்பத்தான் செய்வார்கள். எங்களில் ஒருத்தி குமாரபாளையத்தில் தறிக்கார வீட்டில் பிறந்தவள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவளும் காட்டன்தான் என்றாள். அவள் சொன்னது சரி. படத்தில் இருந்தது காட்டன்தான். அந்தப் படம் அவர்களுடையது இல்லை, அவ்வளவுதான். பிறகு கூகுள் லென்ஸில் போட்டபோது அதே பெண், அதே நீலக் குர்தி, வேறு வேறு பக்கங்களில் வேறு வேறு விலையில் வந்தது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். ஆர்டர் உறுதியானதும் அவர்கள் அன்பாக ஒரு கேள்வி கேட்டார்கள்: “எந்த தேதி டூர் சிஸ்? அதுக்கு முன்னாடி கைல இருக்க மாதிரி அனுப்பிடறோம்.” நாங்களும் சொன்னோம். அதன்பிறகு பார்சல் நகரவே இல்லை. முதலில் “ஸ்டிச்சிங்ல இருக்கு”, அப்புறம் “டிஸ்பேட்ச் ஆயிடுச்சு”. ஒரு டிராக்கிங் எண் வந்தது, கூரியர் தளத்தில் போட்டால் லேபிள் மட்டும் போட்டிருப்பதாகக் காட்டியது. கடைசியில் பார்சல் விழுப்புரத்தில் இருக்கும் தோழி வீட்டுக்கு வந்து சேர்ந்தது டூருக்கு முந்தின நாள் சாயங்காலம். மாற்ற நேரமில்லை, வேறு எடுக்க நேரமில்லை, போட்டுக்கொள்வதைத் தவிர வழியில்லை. போட்டுவிட்டால் “யூஸ் பண்ண துணிய ரிட்டர்ன் எடுக்க முடியாது” என்ற பதில் தயாராக இருக்கிறது. கல்யாணம், வளைகாப்பு என்று நாள் குறித்து ஆர்டர் போட்ட இன்னும் சிலரிடம் பேசினேன். அவர்களுக்கும் முந்தின நாள்தான் வந்திருக்கிறது. எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை. உங்கள் தேதியைத் தெரிந்துகொள்வதே அவர்களுடைய பிடி.

சனிக்கிழமை பாண்டியில் அறையில் வைத்து எல்லாரும் பிரித்துப் பார்த்தோம். தொட்டதுமே வழுக்கியது. குமாரபாளையத்துக்காரி குர்தியின் கீழ் மடிப்பைத் திருப்பிக் காட்டினாள். மேலே பளிச்சென்று நீலப் பூ, உள்பக்கம் சுத்த வெள்ளை. கையால் அச்சு வைத்த மெல்லிய மல் துணியில் சாயம் உள்ளே ஊறி மறுபக்கமும் தெரியும், அச்சுக்கு அச்சு கொஞ்சம் விலகியும் இருக்கும். இதில் ஒவ்வொரு பூவும் அச்சு அசலாக ஒன்று, பின்னால் ஒரு பொட்டு நிறம்கூட இல்லை. காகிதத்தில் அச்சிட்டு, சூடு கொடுத்து துணிக்கு மாற்றும் பிரிண்ட் அது. அந்தச் சாயம் பாலியஸ்டரில்தான் பிடிக்கும், காட்டனில் பிடிக்காது. “ஏய், இது காட்டனே இல்லடி. தண்ணிய விட்டுப் பாரு” என்றாள். ஒரு சொட்டு விட்டோம். ஊறவே இல்லை, முத்து மாதிரி உருண்டு மடியில் விழுந்தது. இன்னொருத்திக்கு வந்த எக்ஸ்எல் குர்தியின் கழுத்தில், எக்ஸ்எல் லேபிளை லேசாகப் பிரித்தால் அடியில் ‘எல்’ என்று இன்னொரு லேபிள் தைத்திருந்தது. கை அக்குளில் பிடித்துக்கொண்டு அவளால் தூக்கவே முடியவில்லை. அவள்தான் இந்த டிரெஸ்ஸுக்கு முதலில் ஆசைப்பட்டவள்.

மாற்றிக்கொள்ள வேறு துணியும் குறைவு, எல்லாரும் ஒன்றாகப் போட வேண்டும் என்ற ஆசையும் விடவில்லை. போட்டுக்கொண்டு கிளம்பினோம். கத்திரி வெயில், கடற்காற்று இன்னும் எழும்பாத முன்மதியம். ஈரக்காற்றில் வேர்வை காயாது என்பது கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். சாதாரண ஈரப்பதத்தில் 100 கிராம் காட்டன் நூல் கிட்டத்தட்ட எட்டரை கிராம் ஈரத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. விளையாட்டு உடைகளில் பாலியஸ்டர் வைக்கிறார்களே என்று கேட்கலாம். அது வேர்வையை வெளியே கடத்துவதற்கென்றே கண் விட்டுப் பின்னியது. இது அடர்த்தியாக நெய்து, மேலே சூட்டு பிரிண்ட் போட்ட மலிவுத் துணி. முதுகில் ஒட்டிக்கொண்டு கசகசவென்று, ஒரு தெரு தாண்டுவதற்குள் எல்லாருக்கும் எரிச்சல் வந்துவிட்டது. ஒருத்திக்குக் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் வேர்க்குரு பொரிந்துவிட்டது. போட்டோவுக்கு நிற்காமல் அறைக்குத் திரும்பி, பகல் முழுவதும் ஏசியில் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் வண்டிகளை நிறுத்திய பிறகு பீச் ரோட்டில் நடந்ததுதான் அன்றைக்குக் கிடைத்தது. வருடத்துக்கு ஒருமுறை வரும் நாளை இப்படி ஒரு பார்சல் தின்றுவிட்டது என்பதை என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. பணம்கூட அப்புறம்தான்.

மறுநாள் ஞாயிறு. காந்தி வீதியில் ஞாயிறு சந்தை. பிளாட்பாரத்தில் குவித்து வைத்திருக்கும் துணிக்குள் கையை விட்டு, கசக்கிப் பார்த்து, காட்டன் டாப் எடுத்தோம். ஒன்றோடொன்று மேட்ச் கிடையாது. ஆனால் கசக்கினால் சுருக்கம் விழுந்தது, வெயிலில் காற்று உள்ளே வந்தது. அந்த டாப்போடு கூபேர் மார்க்கெட், பாரதி பூங்கா என்று நிம்மதியாகச் சுற்றினோம்.

அன்று இரவே அந்தப் பக்கத்துக்கு எழுதினோம். வந்த பதில்: “அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா சிஸ்? இல்லன்னா எக்ஸ்சேஞ்ச் கிடையாது.” விழுப்புரத் தோழி வீடியோ எடுத்திருந்தாள், பார்சலின் டேப்பை வெட்டுவதிலிருந்து. அனுப்பினோம். உடனே பேச்சு மாறியது: “இதுல டேமேஜ் எதுவும் இல்லையே சிஸ்.” இந்த அன்பாக்ஸிங் வீடியோ நிபந்தனை யாருக்கு உதவுகிறது என்று யோசித்துப் பாருங்கள். கிழிசலையும் எண்ணிக்கைக் குறைவையும் வீடியோ காட்டும். பருத்திக்குப் பதில் பாலியஸ்டர் வந்ததைப் பார்சல் பிரிக்கும் வீடியோ காட்டாது. “லைட்டிங்னால கலர், டெக்ஸ்சர் மாறித் தெரியும்” என்று இன்னொரு பதில். நாங்கள் விடாமல் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்கள். அவர்களுடைய பதிவுகளில் கமெண்ட் போடும் வசதி அணைத்து வைத்திருந்தது ஏன் என்று அப்போது புரிந்தது. ‘ஹாப்பி கஸ்டமர்ஸ்’ என்று அவர்கள் சேர்த்து வைத்திருப்பது வெறும் ஸ்கிரீன்ஷாட்டுகள். யார் வேண்டுமானாலும் தட்டிக்கொள்ளலாம்.

ஊர் திரும்பியதும் நூலைப் பிரித்து எரித்துப் பார்த்தோம். நீங்களும் செய்யலாம், ஆனால் துணியோடு கொளுத்தாதீர்கள். உள்தையலில் இருந்து ஓரிரண்டு நூல் உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே தீ காட்டுங்கள். பருத்தி நூல் குபுக்கென்று பிடித்து, தீ அணைந்தபின்னும் கனன்று, காகிதம் எரிந்த வாசனை வரும். சாம்பல் விரலில் பொடிந்துவிடும். எங்கள் குர்தி நூல் தீயைக் கண்டதும் சுருண்டு உருகி, கரும்புகை விட்டு, நுனியில் கறுப்பாக ஒரு கெட்டி மணி உட்கார்ந்தது. ஆறியபின் நகத்தால் நசுக்கினாலும் உடையவில்லை. பேண்ட் நூல் மட்டும் பருத்தி மாதிரியே எரிந்தது. அதுவும் காட்டன் இல்லை, ரேயான். ரேயானும் மரக்கூழில் இருந்து வருவதால் எரியும்போது வித்தியாசம் தெரியாது. நூலை நனைத்து இழுத்தால் தெரியும்: ரேயான் ஈரத்தில் பலம் இழந்து பட்டென்று அறும், பருத்தி ஈரத்தில் இன்னும் கெட்டியாகும். ரேயான் மோசமான துணி என்று சொல்லவில்லை, வெயிலுக்கு நன்றாகவே இருக்கும். ரேயானை ரேயான் என்று சொல்லி, ரேயான் விலைக்கு விற்க வேண்டும்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவைப் படித்துப் பாருங்கள். பொருளின் தரம், அது எதனால் ஆனது என்பது பற்றிப் பொய் சொல்லி விற்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்காததும் அதில் வருகிறது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் வருகிறது. ‘நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்’ என்று பக்கத்தின் தலையில் எழுதி வைத்துக்கொண்டால் இதெல்லாம் இல்லாமல் போய்விடாது.

நாங்கள் முதலில் 1915க்கு அழைத்தோம். தேசிய நுகர்வோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை, தமிழிலும் பேசுகிறார்கள். புகார் எண் கொடுத்தார்கள். ஆனால் பெரிய நிறுவனம் என்றால் அங்கிருந்து அழுத்தம் கொடுக்க முடியும், பெயரும் முகவரியும் இல்லாத ஒரு பக்கத்தை யார் என்று தேடிப் பிடிப்பது கஷ்டம். எங்களைக் காப்பாற்றியது பார்சல் கவர். விழுப்புரத் தோழி அதைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தாள். அனுப்பியவர் இடத்தில் ஒரு கடைப் பெயர், முகவரி, போன் எண். ஜிபேயில் பணம் போன கணக்கின் பெயர் வேறு, அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தோம். அந்த முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பியதும் பிளாக் செய்தவர்களே போன் செய்தார்கள். பாதிப் பணத்துக்கு ‘கிரெடிட் நோட்’ தருகிறோம், அதில் வேறு டிரெஸ் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டோம். இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் பதிந்தாயிற்று. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் மறைந்துவிட்டார்கள் என்றால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். அது சைபர் மோசடிக்கான எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

இன்ஸ்டாவில் நேர்மையாக விற்கிற பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வீட்டில் தைத்து, துணியைக் கசக்கி வீடியோ போட்டு, கேட்டால் உள்பக்கம் திருப்பிக் காட்டி விற்கிறார்கள். இந்தக் கும்பலால் அவர்கள் பிழைப்பும் கெடுகிறது. அதனால் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. துணியின் உள்பக்கத்தையும், தண்ணீர் சொட்டு விட்டால் ஊறுவதையும் ஒரே வீடியோவில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நேர்மையானவர் உடனே அனுப்பிவிடுவார். முதலில் ஒரே ஒரு செட் வரவழைத்துப் பாருங்கள், குழுவாக மொத்தமும் வேண்டாம். முடிந்தால் வந்தபிறகு பணம் கொடுங்கள். உண்மையான டூர் தேதியை மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள், இரண்டு வாரம் முன்னால் ஒரு தேதி சொல்லுங்கள்.

வெள்ளைப் பின்னணியில் நீல இண்டிகோ பூ, கழுத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சைஸ் லேபிள், இப்படி ஒரு ‘ஃப்ரெண்ட்ஸ் காம்போ’ இந்தக் கோடையில் உங்களுக்கும் வந்திருந்தால் கவரைத் தூக்கிப் போடாதீர்கள். டிஎம் முழுவதையும், பணம் போன பெயரோடு, இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிளாக் செய்யும்போது அவர்கள் பக்கத்தின் பெயரையும் மாற்றிவிடுகிறார்கள்.