முதுமலையில் அறை பதிவு செய்யும் முன்: ‘வாசலில் யானை’ என்று அழைத்த விடுதியில் எங்களுக்கு நேர்ந்தது

கடந்த அரையாண்டு விடுமுறையில், வயதான அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து முதுமலைக்குச் சென்றோம். இரண்டு அறைகள், இரண்டு இரவுகள் என்று 26,000 ரூபாயை முழுவதுமாக முன்கூட்டியே கட்டிவிட்டு, ஒரே இரவில் அங்கிருந்து வெளியேறும்படி ஆயிற்று. கோடை விடுமுறைக்கு இப்போதே அறை தேடிக்கொண்டிருப்பவர்கள் எங்களைப் போல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன். விடுதியின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம், புகார் நிலுவையில் இருக்கிறது என்பது மட்டுமல்ல. விளம்பரத்தில் ஒரு பெயர், வாட்ஸ்அப்பில் இன்னொரு பெயர், பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் ஒரு தனிநபரின் பெயர் என்று இருந்ததால், நாளை அவர்கள் நான்காவது ஒரு பெயரில் வரக்கூடும். ஆகவே பெயரை விட முறையைத் தெரிந்துகொள்வதுதான் பயன் தரும்.

விளம்பரத்தில் ‘புலிகள் காப்பகத்தின் உள்ளேயே தங்குங்கள், காலையில் உங்கள் வாசலில் யானை நிற்கும்’ என்று போட்டிருந்தார்கள். பால்கனிக்குப் பத்தடி தள்ளி ஒரு கொம்பன் நிற்கும் படமும் இருந்தது. தொலைபேசியில் பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். ஊட்டியிலிருந்து ஒரு மணி நேரம்தான் என்றார், இரவு சஃபாரி ஏற்பாடு செய்து தருவதாகவும் சொன்னார். இந்த மூன்று வாக்குறுதிகளுமே பொய் அல்லது சட்டத்துக்குப் புறம்பானவை என்பது எங்களுக்கு ஒவ்வொன்றாகத்தான் தெரிய வந்தது.

முதலில் வழி. விடுதி இருந்தது முதுமலையை ஒட்டிய மசினகுடிப் பக்கம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதை வழியாகப் போனால் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் அந்தச் செங்குத்தான இறக்கத்தில் தொடர்ந்து விபத்துகள் நடந்ததால், நீலகிரிப் பதிவெண் இல்லாத வண்டிகள் அவ்வழியே இறங்க அனுமதிப்பதில்லை. ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவில் காவலர்கள் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். பைக்காரா, நடுவட்டம், கூடலூர், தெப்பக்காடு என்று சுற்றிச் செல்ல வேண்டியிருந்ததால், முட்டி வலியோடு காரில் உட்கார்ந்திருந்த அம்மா இரண்டு மடங்குக்கும் மேலான தூரத்தைக் கடந்தார். இருட்டிய பிறகுதான் மசினகுடியை அடைந்தோம். நீலகிரிக்குள் வரும் வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் என்பதையும் அந்த மனிதர் சொல்லவில்லை; நல்லவேளையாக அதை நாங்களே எடுத்து வைத்திருந்தோம்.

மசினகுடியிலிருந்து மண் பாதையில் வெகுதூரம் உள்ளே போனதும், படத்தில் பார்த்த கட்டடம் அங்கே இல்லை. ‘அங்க மெயின்டனன்ஸ் வேலை நடக்குது சார், இதுவும் நம்ம இடம்தான்’ என்று சொல்லி, தகரக்கூரை போட்ட நான்கு அறைகளில் இரண்டைத் திறந்துவிட்டார்கள். சுவரில் ஈரம் பூத்திருந்தது, கம்பளிகளில் பூஞ்சை வாடை வீசியது. வெந்நீருக்கு வழியில்லாமல், ஒரு வாளி சுடுதண்ணீரை இரவு ஒன்பது மணிக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். வரவேற்பறையிலோ வாசலிலோ உரிமம் எதுவும் தொங்கவில்லை. ரசீது கேட்டபோது, ஜிஎஸ்டி எண் இல்லாத வெள்ளைத்தாளில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். இவையெல்லாம் பல ஊர்களிலும் நடப்பவைதான், இதற்காக மட்டும் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

இரவு சஃபாரி என்ற பெயரில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு நடுங்குகிறது. 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளையும் என்னையும் ஒரு ஜீப்பில் ஏற்றிக் காட்டோரச் சாலையில் கொண்டுபோனார்கள். ஓட்டுநரின் பக்கத்தில் இருந்த பையன் ஒரு பெரிய ஒளிவிளக்கைப் புதர்களுக்குள் அடித்துக்கொண்டே வந்தான். ஒரு வளைவில், குட்டியோடு நின்ற பெண் யானையின் முகத்தில் அந்த வெளிச்சம் நேராக விழுந்தது. அது காதுகளை விரித்து, குட்டியைத் தன் முன்னங்கால்களுக்கு இடையே இழுத்துக்கொண்டு, இரண்டு எட்டு முன்னே வைத்தது. ஓட்டுநர் பின்வாங்குவதற்குப் பதிலாக ஹாரனை அடித்து இன்ஜினை உறுமவிட்டார். என் மகள் என் கையைப் பிடித்த இடத்தில் நகம் பதிந்திருந்தது. யானை எங்களை விட்டு விலகிப் போனது அதன் பெருந்தன்மை என்றுதான் சொல்லுவேன். திரும்பும் வழியில், ‘ஃபாரஸ்ட்காரங்க கேட்டா சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தோம்னு சொல்லிருங்க அண்ணா’ என்று ஓட்டுநர் சொன்னபோதுதான், நாங்கள் பணம் கொடுத்து ஒரு குற்றத்தில் பங்கெடுத்திருக்கிறோம் என்பது எனக்கு உறைத்தது. முதுமலையில் இரவு சஃபாரி என்று ஒன்று கிடையவே கிடையாது. வனவிலங்குகளின் நடமாட்டத்துக்காகத் தெப்பக்காடு, பந்திப்பூர் வழியாக மைசூருக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையையே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அடைத்து வைக்கிறார்கள். காப்பகத்துக்குள் சுற்றிப் பார்க்க வேண்டுமானால், பகலில் தெப்பக்காட்டிலிருந்து புறப்படும் வனத்துறையின் வண்டியில்தான் போக வேண்டும்.

மறுநாள் விடிகாலையில் அம்மாவுக்கு வெந்நீர் கேட்பதற்காகச் சமையலறைப் பக்கம் போனேன். அதன் பின்னால், வேலிக்கு அந்தப்புறம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியைப் போல ஒரு சிமென்ட் தொட்டி இருந்தது. அதில் தண்ணீர் இல்லை. கல்லுப்பும் ஏதோ தவிடும் கலந்து கொட்டியிருந்தார்கள். தொட்டியின் விளிம்பு நக்கி நக்கி வழவழப்பாகியிருந்தது. சுற்றிலும் ஈர மண்ணில் மான்களின் குளம்புகளும், அவற்றுக்கு நடுவே தாம்பாளம் அளவுக்கு யானையின் காலடிகளும் பதிந்திருந்தன. அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பணிப்பெண்ணிடம் இது என்ன என்று கேட்டேன். ‘வெச்சாத்தான சாமி வரும், வந்தாத்தான நீங்க வருவீங்க’ என்று அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னார். வாசலில் யானை நிற்கும் படம் எப்படிக் கிடைத்தது என்பது அப்போது விளங்கிவிட்டது.

இந்த இடம் எப்படிப்பட்ட இடம் என்பதைத் தெரிந்தால்தான் இதன் கொடுமை முழுவதும் புரியும். மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர்ச் சமவெளி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் பாதை. இங்கே 2010ஆம் ஆண்டு தமிழக அரசு யானை வழித்தடத்தை அறிவித்தது. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் உறுதி செய்தது. 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அந்த வழித்தடத்தில் இருந்த பல விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் வழித்தட அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. இவ்வளவுக்குப் பிறகும், 2021 ஜனவரியில், மசினகுடி அருகே தனியார் தங்குமிடம் ஒன்றின் பக்கம் வந்த யானையின் மீது எரியும் டயரை வீசினார்கள். காதோடு ஒட்டிக்கொண்டு எரிந்த டயருடன் அந்த யானை ஓடியதைக் காணொளியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது இறந்துபோனது. ஒரு பக்கம் உப்பு வைத்து அழைப்பதும், வந்த பிறகு நெருப்பை வீசுவதும் ஒரே தொழிலின் இரண்டு முகங்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ‘வாசலில் யானை’ என்று எந்த விடுதி பெருமையாக விளம்பரம் செய்கிறதோ, அந்த விடுதியைத்தான் முதலில் ஒதுக்க வேண்டும்.

காப்பகத்தின் உள்ளே தங்க விரும்புபவர்களுக்குத் தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம் போன்ற இடங்களில் வனத்துறையின் ஓய்வு விடுதிகள் இருக்கின்றன. அவற்றைக் காப்பகத்தின் சொந்த இணையதளத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். அறைகள் குறைவு, விடுமுறை நாட்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆடம்பரம் எதுவும் கிடையாது. அங்கே இடம் கிடைக்கவில்லையென்றால் கூடலூரிலோ மசினகுடி ஊருக்குள்ளோ முறையான உரிமம் உள்ள விடுதியில் தங்கி, காலையில் தெப்பக்காட்டுக்குப் போவதே நல்லது. பணம் அனுப்பும் முன் உரிமத்தின் நகலையும், கூகுள் மேப்பில் அந்தக் கட்டடத்தின் சரியான இருப்பிடத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். எங்களிடம் இருப்பிடத்தைக் கேட்டபோதெல்லாம், ‘மசினகுடி வந்துட்டு கூப்பிடுங்க, ஆள் அனுப்பறோம்’ என்றே சொன்னார்கள், அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் இரவுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, சீசனில் ரீஃபண்ட் கிடையாது என்றார்கள். ஊர் திரும்பியதும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்தேன். அதற்கு அந்த விடுதியிடமிருந்து பதிலே இல்லாததால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணமும் இல்லை. ஆகவே ஊட்டி வரை அலைய வேண்டுமே என்று யாரும் பணத்தை விட்டுவிட வேண்டாம். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய பதிவு, அறையின் படங்கள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்ததுதான் எனக்கு இப்போது கைகொடுக்கிறது.

வெளியேறிய அன்று காலையில், அந்தத் தொட்டியை நான் எடுத்த படங்களோடு வனத்துறை அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அலுவலர் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இடத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஜீப்பில் போனதையும் சேர்த்து எழுதிக் கொடுக்க முடியுமா, அப்படி எழுதினால் உங்கள் மீதும் அபராதம் வரலாம் என்று நேராகவே சொன்னார். எல்லாவற்றையும் இரண்டு பக்கங்களில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.