கச்சானுக்குத் தப்பியது மாரிக்குத் தப்பவில்லை: மூன்று சாடிகளின் கணக்கு

போன வருடம் ஆனி, ஆடி இரண்டு மாதமும் திருகோணமலை உவர்மலை வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்பில் இருந்தேன். வெளியே கச்சான், தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று. திரும்பி வந்தபோது முற்றத்துச் செவ்வரத்தை விறகாய் நின்றது. விறாந்தையில் வைத்த மூன்று சாடிகள் மட்டும் எதுவும் நடக்காதது போல நின்றன: ஒரு பாம்புச் செடி, ஒரு ஸெட் ஸெட் (ZZ) செடி, ஒரு கற்றாழை. ஒரு சொட்டுத் தண்ணீர் அவற்றுக்குக் கிடைத்திருக்காது.

அந்தத் துணிவில் ஐப்பசிக் கடைசியில் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக மறுபடி புறப்பட்டேன். இந்தமுறை விறாந்தைக் கேற் திறப்பைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். தையில் வந்து பார்த்தால் பாம்புச் செடி அடி அழுகிச் சாய்ந்து கிடந்தது. விறாந்தை ஓரத்தில் கூரைத் தண்ணீர் விழுந்த இடத்தில் இருந்த கற்றாழை கூழாகிவிட்டது. உள்ளறையில் வைத்துப் பூட்டிய ஸெட் ஸெட் மட்டும் பிழைத்தது. அக்காவின் கை அங்கே எட்டவில்லை.

"பாவம் எண்டு ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பை தண்ணி விட்டனான் பிள்ளை," என்றார் அக்கா. அவரிடம் என்ன சொல்ல?

இந்த மூன்றில் எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் முதலில் கேட்பது எந்த மாதம், எந்த மூலை என்பதைத்தான். திருகோணமலையில் வருட மழையின் பெரும்பங்கு ஐப்பசி பிற்பகுதியிலிருந்து தை வரைக்கும் கொட்டித் தீர்க்கிறது. மிச்ச மாதங்கள் வெயிலும் காற்றும். வறட்சி தாங்கும் கன்று என்று வாங்குகிறவர்கள் கச்சானை மட்டும் நினைத்து வாங்குகிறார்கள். இந்த ஊரில் சாடிகள் சாவது பெரும்பாலும் மாரியில்தான்.

பாம்புச் செடியை முதலில் எடுக்கிறேன். மாமியார் நாக்கு என்று சிரித்துக்கொண்டே விற்பதும் இதைத்தான். இதன் ஊர் மேற்கு ஆபிரிக்கா. தாவரவியலார் இதை நெடுங்காலம் சான்சவேரியா என்று வைத்திருந்து, 2017இல் டிரசீனா என்ற பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். பகலில் இலைத்துளைகளை இறுக்கி மூடி, வெயில் இறங்கிய பிறகு திறந்து காபனீரொட்சைட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். அன்னாசியும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் தண்ணீர் ஆவியாய்ப் போவது மிகக் குறைவு. தாகம் வந்தால் இலை நீளவாக்கில் சுருங்கி, லேசாக உள்ளே மடியும். அப்போது ஊற்றினால் போதும், இரண்டு மூன்று நாளில் நிமிர்ந்துவிடும். தண்ணீர் கூடினால் அதுவும் சொல்லும், ஆனால் பிந்தித்தான் சொல்லும். இலை அடியில் மஞ்சளாகி, விரலால் அமத்தினால் வாழைப்பழம் போல மெத்தென்று இருக்கும். அந்த நாற்றத்தை ஒருதரம் முகர்ந்தவர் மறக்கமாட்டார்.

ஆனாலும் இது மீள்கிற சாதி. அழுகிய பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல இலையை நான்கு விரல் நீளத் துண்டுகளாக்கி, வெட்டுவாய் காயும்வரை நாலைந்து நாள் நிழலில் போட்டேன். பிறகு ஆற்றுமணலில் குத்தினேன். மேல் எது, கீழ் எது என்று மாறிவிடக் கூடாது, தலைகீழாய்க் குத்தினால் வேர் வராது. இரண்டரை மாதத்தில் ஒரு துண்டின் அடியில் பென்சில் முனை போல ஒரு குருத்து வந்தது. ஆனால் பச்சையாய்! தாய்ச்செடியின் மஞ்சள் கரை இலைத்துண்டில் இருந்து வருவதற்கு இறங்காது. கரை வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும். இது தெரியாமல் பலர் கன்று விற்றவரோடு சண்டைக்குப் போகிறார்கள்.

ஸெட் ஸெட் கிழக்கு ஆபிரிக்காவில் இருந்து வந்தது. 1990களின் பிற்பகுதியில் ஒல்லாந்து நாற்றுப் பண்ணைகள் பெருமளவில் வளர்க்கத் தொடங்கிய பிறகே உலகம் முழுக்கப் போனது. சேம்பின் குடும்பம் என்றால் நம்பமாட்டீர்கள், மண்ணைக் கிளறினால் நம்புவீர்கள். உள்ளே உருளைக்கிழங்கு மாதிரிக் கிழங்குகள். தண்ணீர்த் தொட்டி அதுதான். என்னுடைய செடி மூன்றாம் வருடம் பிளாஸ்டிக் சாடியின் ஒரு பக்கத்தை வயிறு போலத் தள்ளி, கடைசியில் ஒருநாள் வெடிக்க வைத்தது. இருட்டு மூலையிலும் கிடக்கும். நேர் வெயிலில் வைத்தால்தான் இலை கருகும். கச்சான் காலத்தில்கூட மூன்று கிழமைக்கு ஒருதரம் ஊற்றினால் தாராளம், மாரியில் நான் தொடுவதே இல்லை.

இவ்வளவு இருந்தும் எனக்கு இதில் பிடிப்பில்லை. மெழுகு பூசியது போல மினுங்கும் இலை, வங்கிக் கதவடியில் வைக்கிற பொருள் போலவே இருக்கிறது. ஒரு இலையை நட்டால் முதலில் சின்னக் கிழங்கு கட்டி, பிறகு யோசித்து, மாதக்கணக்கில் காக்க வைத்துத்தான் குருத்து விடும். விலையும் என் கண்ணுக்குப் பாம்புச் செடியைவிட அதிகம். கிழங்கு அழுகினால் வெளியே தண்டு வெகுநாள் பச்சையாகவே நிற்கும். சாய்ந்த அன்றுதான் விஷயம் தெரியும்.

கற்றாழையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அது வீட்டுக்குள் வாழ வந்த செடியே இல்லை. வெயில் இல்லாவிட்டால் இலை வெளிறி, நீண்டு, சோம்பலாய்ச் சரியும். கச்சான் வெயிலில் செம்மண் நிறமாகிவிட்டால் பயப்பட வேண்டாம், நிழல் கிடைத்தால் பச்சை திரும்பும். இதன் நன்மை கையில் கிடைப்பது: சூடு பட்டால் ஒரு மடலை ஒடிக்கலாம். தோலுக்கடியில் வடிகிற மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிவிட வேண்டும், வயிற்றுக்குள் போனால் பேதி. வாசலில் கண்ணூறுக்குத் தலைகீழாய்க் கட்டித் தொங்கவிட்டதும் மாதக்கணக்கில் உயிரோடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தன் சதையைத் தானே தின்று வாழும். வளவில் மேடான இடம் பார்த்து மணலில் நடுங்கள். சாடியில் வைத்தால் மாரிக்கு முன் தூக்கி உள்ளே வைக்கிற வேலை உங்களுக்கு.

தண்ணீர் பார்க்கிற விதம் மூன்றுக்கும் ஒன்று. விரலை நம்பாதீர்கள், மேல்மண் ஒருநாளில் காய்ந்துவிடும். விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை உருவி, சாடியின் அடிவரை குத்தி, கொஞ்ச நேரம் விட்டு இழுங்கள். ஈர்க்கில் மண் ஒட்டி வந்தால் செம்பைக் கீழே வையுங்கள். வாங்கி வரும்போது சாடி நிறையத் தும்புத்தூள் இருக்கும். கச்சானில் அது கட்டியாகிக் காயும், மாரியில் பஞ்சு போல ஊறிக் கிடக்கும். நான் பாதியைக் கொட்டி, ஆற்றுமணலும் உடைத்த ஓட்டுத் துண்டும் சேர்க்கிறேன். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. கிணறு உவராக இருந்தால் மண்சட்டியின் வெளிப்புறம் வெள்ளையாய்ப் பூக்கும். ஐப்பசியில் வருகிற முதல் பெருமழையில் சாடியை ஒருதரம் நன்றாக நனையவிட்டால் அந்த உப்புக் கழுவுப்படும். பிறகு கூரைக்குள் இழுத்துவிட வேண்டும். சாடிக்குக் கீழே தட்டு வைப்பதை நான் விட்டுவிட்டேன். 2017இல் பக்கத்துக் கிண்ணியாவில் டெங்கு பரவியதைப் பார்த்த பிறகு தட்டில் தேங்கும் தண்ணீர் கண்ணை உறுத்துகிறது.

காற்றைச் சுத்தமாக்கும் என்ற பேச்சுக்காகப் பாம்புச் செடியைப் படுக்கையறைக்குள் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1989இல் நாசா செய்த சோதனை அடைத்த பெட்டிக்குள் நடந்தது. 2019இல் வெளியான ஒரு மீளாய்வின்படி, சன்னல் வழியே வருகிற காற்றுக்கு ஈடாக ஒரு சதுர மீற்றருக்குப் பத்திலிருந்து ஆயிரம் சாடிகள்வரை வேண்டும். சன்னலைத் திறங்கள், கடல் பக்கத்தில்தானே இருக்கிறோம். வீட்டில் பூனையோ தவழ்கிற பிள்ளையோ இருந்தால் மூன்றையும் உயரத்தில் வையுங்கள். ஸெட் ஸெட்டைக் கடித்தால் சேம்பு போல வாய் அரிக்கும், மற்ற இரண்டும் பூனை நாய்க்கு வாந்தி, கழிச்சலைத் தரும்.

மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டுகிறவருக்கு ஸெட் ஸெட். விறாந்தையும் கடற்காற்றும் உள்ளவருக்குப் பாம்புச் செடி. என் தெரிவு இந்த இரண்டும் அல்ல. பாம்புச் செடியின் உறவுக்காரன் ஒருவன் நம் வேலியோரத்தில் நிற்கிறான், மருள். வில்லுக்கு நாண் திரித்த நார் இந்தச் சாதியில் இருந்து வந்ததுதான். சங்கப் பாட்டில் மழை பொய்த்த காட்டில் மரையா என்ற காட்டு விலங்கு தின்னுகிற மரலும் இதுவே. வளவுப் பின்புறத்துப் பற்றையில் இருந்து கிழங்கோடு தோண்டி மண்சட்டியில் வைத்தேன், காசு இல்லை. மஞ்சள் கரையும் இல்லை, சாம்பல் பட்டை மட்டும். போன மாரியில் அக்காவின் கோப்பைத் தண்ணீர் அதற்கும் விழுந்திருக்கிறது. மண்சட்டியும் மணலும் குடித்துவிட்டன, அது அசையவில்லை.

அக்கா இப்போது தனக்கும் ஒரு கன்று கேட்கிறார். தண்ணீர் ஊற்றாமல் இருக்க அவரால் முடியாது. ஒரு துண்டு மணி பிளான்டைப் போத்தல் தண்ணீரில் போட்டுக் கொடுத்தேன், நாலு நாளைக்கு ஒருதரம் தண்ணீரை மாற்றச் சொல்லி. தினமும் மாற்றுகிறாராம். நன்றாக வளர்கிறது.